வாசிப்பு வட்டத்துக்கு ஓராண்டு உலக இலக்கியம்: படநூலில் தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இது. வெள்ளவத்தையில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் வாசிப்பு வட்டம். பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களோடு தரம் 3 இலிருந்து தரம் 9 வரை படிக்கும் பிள்ளைகள். தமிழ் எல்லாருக்கும் சரளம், ஆங்கிலம் பாதிப் பேருக்குத்தான். இந்த ஆண்டு சமகால உலக இலக்கியம் வாசிக்க வேண்டும், அதில் தொல்குடி எழுத்தாளர்களும் சிறுவர் எழுத்தாளர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த நூல்கள், எந்த ஒழுங்கில், எங்கே எடுப்பது?

படநூலில் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று முதல் நாளே பிரிக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் எல்லாருக்கும் ஒரே நூல், அதுவும் சிறுவர் நூல்.

நோபல் பட்டியலை மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்கும் வட்டங்கள் சீக்கிரமே ஆள் குறைந்துபோகும். 2025 இல் நோபல் பெற்ற லாஸ்லோ க்ராஸ்னஹோர்காயின் ஒரு வாக்கியமே பக்கக்கணக்கில் ஓடும். ஆங்கிலத்தில் தடுமாறும் நாலு பேர் அந்த மாதம் வரமாட்டார்கள். வாசிக்காமல் வந்து குந்தியிருக்க யாருக்கும் கூச்சம். ஒரு மாதம் விட்டவர் அடுத்த மாதமும் விடுவார். படநூலில் இந்தச் சிக்கல் இல்லை. பெரும்பாலான படநூல்கள் 32 பக்கம், ஏனென்றால் அச்சுத்தாள் எட்டாகவும் பதினாறாகவும் மடிபடும். உள்ளே சில நூறு சொற்கள்தான். ஒருமுறை தமிழில், ஒருமுறை மூலத்தில் சத்தமாக வாசித்தாலும் கால் மணித்தியாலம். வாசித்து முடிந்ததும் அறையில் இருக்கும் எல்லாருமே நூலை முழுமையாக வாசித்தவர்கள். தரம் 4 பிள்ளையும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே தளத்தில் நின்று கதைக்கலாம்.

இன்னொரு காரணம் நூல்களின் பக்கம் இருக்கிறது. கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா மூன்றிலும் தொல்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்து, மொழியை மறக்கச் செய்யும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் போட்டார்கள். அடி விழுந்தது பிள்ளைகள் மேல் என்பதால், அந்தச் சமூகங்களின் எழுத்தாளர்கள் தங்களுடைய மிகக் கனமான வரலாற்றைச் சிறுவர் நூலிலேயே எழுதுகிறார்கள். படநூல் என்றால் இலேசான சரக்கு என்று பெரியவர்கள் நினைத்து வந்தால், முதல் நாளே அந்த நினைப்பு கழன்றுவிடும். அப்படிச் செய்யும் நூல் 'வென் வி வேர் அலோன்'.

2016 இல் வந்தது. எழுதியவர் டேவிட் ஏ. ரொபர்ட்சன், கனடாவின் நோர்வே ஹவுஸ் கிரீ மக்களைச் சேர்ந்தவர். படம் ஜூலி ஃப்ளெட், கிரீ-மெட்டி என்ற தொல்குடி வழிவந்தவர். 2017 இல் கனடாவின் ஆளுநர் நாயகம் விருது பெற்றது. கதை எளிது. தோட்டத்தில் வேலை செய்யும் பாட்டியிடம் பேத்தி கேட்கிறாள்: ஏன் இவ்வளவு நிறமான உடுப்புப் போடுகிறீர்கள்? ஏன் முடியை நீளமாக வளர்க்கிறீர்கள்? ஏன் கிரீ மொழியில் கதைக்கிறீர்கள்? ஏன் உங்கள் தம்பியோடு எப்போதும் சேர்ந்திருக்கிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரே கட்டமைப்பு. தூரத்திலிருந்த பள்ளியில் எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்புப் போட்டார்கள், முடியை வெட்டினார்கள், மொழியைத் தடுத்தார்கள், தம்பியைப் பிரித்தார்கள். ஆனால் யாரும் பார்க்காதபோது நாங்கள் இலைகளை அள்ளி உடம்பில் போட்டுக்கொண்டோம், நீண்ட புல்லை முடியோடு சேர்த்துப் பின்னினோம். இப்படி நான்கு முறை. கனடாவின் இந்த வதிவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 தொல்குடிப் பிள்ளைகள் இருந்ததாக உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கணக்கிட்டது. அதன் இறுதி அறிக்கை 2015 இல் வந்தது. நூலில் இந்த எண்ணும் இல்லை, ஆணைக்குழுவும் இல்லை. அதுதான் அதன் பலம்.

இதைக் கொண்டு ஒரு கூட்டத்தை நடத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற நூல்களுக்கும் இதே முறைதான். இரண்டு கிழமை முன்னதாக ஒருவர் தமிழில் எழுத வேண்டும். நூலுக்குள் பென்சிலால் எழுதக்கூடாது. தனித் தாளில், பக்க எண் போட்டு. எழுதியதை ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். ஆங்கிலம் தெரிந்த இரண்டாவது ஆளிடம் கொடுத்தால் பிழை பிடிபடாது, அவர் மனதுக்குள் மூலத்தை வைத்துத்தான் கேட்பார். பாட்டியைக் கூப்பிடும் கிரீச் சொல்லை அப்படியே விடுங்கள். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.

கூட்டத்தில் முதலில் படங்களை மட்டும், சொல்லில்லாமல், கடைசிப் பக்கம்வரை காட்டுங்கள். பிறகு ஒருவர் பக்கம் புரட்ட, மற்றவர் தமிழில் வாசிக்கட்டும். இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால் படம் அவர் பக்கமே திரும்பி நிற்கும். பன்னிரண்டு பேருக்கு மேல் என்றால் பிள்ளைகள் தரையில் முன்னுக்கு, பெரியவர்கள் கதிரையில் பின்னுக்கு.

வாசித்து முடிந்ததும் "இந்தக் கதையில் இருந்து என்ன படித்தீர்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் டியூட்டரியில் பழகியவர்கள். "பெரியவர்களை மதிக்க வேண்டும்" என்ற விடை தயாராக இருக்கும், அதோடு கதை முடிந்துவிடும். படத்தில் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள்: எந்தப் பக்கங்களில் நிறம் மங்குகிறது, எங்கே திரும்பி வருகிறது? பள்ளியின் பக்கங்களுக்கும் தோட்டத்தின் பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்னமே கண்டுபிடிப்பார்கள். வதிவிடப் பள்ளிகளின் வரலாறு, இறப்புகள், துஷ்பிரயோகம் எல்லாம் பிள்ளைகள் எழும்பிப் போன பிறகு பெரியவர்களுக்கு மட்டும், இருபது நிமிடம்.

இரண்டாம் மாதத்துக்குச் சொல்லே இல்லாத நூல். ஷோன் டானின் 'த அரைவல்' 2006 இல் அவுஸ்திரேலியாவில் வந்தது. குடும்பத்தை விட்டு அந்நிய நகரம் போகும் ஒருவனின் கதை, முழுக்கப் பென்சில் ஓவியம். அந்த நகரத்தின் எழுத்து, உணவு, பிராணி எல்லாம் கற்பனை என்பதால் வாசகரும் புதிதாக வந்திறங்கியவர் போலவே முழிப்பார். வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடு வெள்ளவத்தையில் அரிது; இந்த நூலுக்கு ஆளாளுக்கு ஒரு கதை வரும், அரை மணித்தியாலத்தில் கட்டுப்படுத்துங்கள். இது 32 பக்கமல்ல, நூற்றுக்கு மேல். ஒரு பிரதியை வைத்து எல்லாருக்கும் காட்ட முடியாது. மூன்று பிரதியாவது வேண்டும், இல்லையென்றால் முதல் இரண்டு அத்தியாயத்தோடு நிறுத்துங்கள்.

அதே மாதத்துக்குச் சொல்லில்லாத இன்னொரு தெரிவும் உண்டு. கொரியாவின் சூசி லீ 2022 இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதின் ஓவியர் பிரிவை வென்றவர். அவருடைய 'வேவ்' (2008) ஒரு சிறுமியும் கடலலையும் மட்டும். இடது பக்கம் சிறுமி, வலது பக்கம் கடல், நடுவில் தையல் மடிப்புத்தான் எல்லை. அந்த மடிப்பை அலை எப்போது தாண்டுகிறது என்பதே கதை. ஆகவே போனிலோ பிடிஎஃப் பிரதியிலோ பார்த்தால் நூல் செத்துவிடும், தாள் நூல்தான் வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: கிழக்கிலோ தெற்கிலோ 2004 சுனாமியில் ஆட்களை இழந்த குடும்பம் வட்டத்தில் இருந்தால் முதலே கேட்டுவிடுங்கள். கொழும்புப் புத்தகக் கடையில் வெறுமனே 'வேவ்' என்று கேட்டால், சோனாலி தெரணியகல சுனாமியில் தன் குடும்பத்தை இழந்ததைப் பற்றி 2013 இல் எழுதிய நூலை எடுத்துத் தருவார்கள். இரண்டும் நல்ல நூல்தான், ஆனால் மாறிப்போய்ப் பிள்ளைகளின் கூட்டத்துக்கு வரக்கூடாது. எந்த நூலையும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தே ஓடர் செய்யுங்கள்.

மூன்றாம் மாதம் 'வி ஆர் வோட்டர் ப்ரொடெக்டர்ஸ்'. எழுதியவர் கரோல் லின்ட்ஸ்ட்ரோம், வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்களைச் சேர்ந்தவர். படம் வரைந்த மிக்கேலா கோட், அலாஸ்காவின் த்லிங்கிட் மக்களைச் சேர்ந்தவர். 2021 இல் அமெரிக்கப் படநூல் ஓவியத்துக்கான கால்டெகொட் பதக்கம் இதற்குக் கிடைத்தபோது, அதைப் பெற்ற முதல் தொல்குடி ஓவியர் அவர். அமெரிக்காவின் ஸ்டாண்டிங் ராக் தொல்குடிப் பிரதேசத்தில் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக நடந்த போராட்டம் பின்னணி. குழாய் கறுப்புப் பாம்பாக வரும். சொல் குறைவு, ஓசை கூட. தமிழாக்கும்போது கட்டுரை நடையாகிவிடும் ஆபத்து அதிகம். எழுதுகிறவர் ஓசை தெரிந்தவராக இருக்கட்டும்.

நூல்களை நீங்களே தேடத் தொடங்கும்போது சறுக்கும் இடம் ஒன்றிருக்கிறது. கடையில் 'பழங்குடிக் கதைகள்' என்ற மாதிரித் தலைப்போடு அழகான நூல்கள் கனக்க இருக்கும். பெரும்பாலானவை வெளியாட்கள் திரும்பச் சொன்னவை. எந்த மக்களின் கதை, யார் சொல்லக் கேட்டது, சொல்ல அனுமதி இருந்ததா என்று ஒரு வரியும் இராது. வட அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கணக்கான தொல்குடித் தேசங்கள் இருக்க, "செவ்விந்தியர்கள் நம்பினார்கள்" என்று தொடங்கும் நூலைத் திருப்பி அலுமாரியில் வையுங்கள். நல்ல நூலின் பின்னட்டை எழுத்தாளரின் மக்களை, பிரதேசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும். "தொல்குடிப் பண்பாட்டில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்" என்ற மாதிரி வரி, அவர் அந்த மக்களில் ஒருவர் இல்லை என்பதைச் சொல்லாமல் சொல்லும் வழி. கனடாவில் புகழ்பெற்ற சிலரின் தொல்குடி உரிமைகோரலே கேள்விக்குள்ளாகியிருக்கிறது. பின்னட்டையோடு நிற்காமல், அந்தச் சமூகம் அவரைத் தன்னவராகச் சொல்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு காலம். கதையில் எல்லாரும் இறகு சூடி, கூடாரத்தில், இறந்தகாலத்தில் மட்டும் வாழ்கிறார்களா? ஜீன்ஸ் போட்ட, பஸ்ஸில் போகிற, பரீட்சைக்குப் பயப்படுகிற தொல்குடிப் பிள்ளை ஒன்றாவது உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். பதிப்பகமும் துப்புத் தரும். அவுஸ்திரேலியாவின் ப்ரூம் நகரிலுள்ள மகபாலா புக்ஸ் (1987), கனடாவின் தெய்டஸ் புக்ஸ் (1980), நியூசிலாந்தின் ஹுயியா (1991) போன்றவை தொல்குடி எழுத்துக்காகவே தொடங்கப்பட்டவை. அமெரிக்க நூல் என்றால் நாம்பே புவெப்லோ தொல்குடியைச் சேர்ந்த டெபி ரீஸ் 2006 முதல் நடத்தும் இணையத்தளத்தில் தலைப்பைத் தேடிப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் பிரித்து, ஏற்கலாம் ஏற்கக்கூடாது என்று காரணத்தோடு எழுதுவார். எல்லாத் தீர்ப்பையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை, எதைப் பார்க்க வேண்டும் என்பது பழகும்.

பிள்ளைகளுக்குக் கைவேலை வைக்கும் ஆசையில் காகித இறகுக் கிரீடம் செய்ய வைக்காதீர்கள். வட அமெரிக்கத் தொல்குடிகள் பலரிடம் அது சம்பாதித்துச் சூடும் மரியாதை. அவுஸ்திரேலியத் தொல்குடி நூல்கள் சிலவற்றின் முதற்பக்கத்தில், இறந்தவர்களின் பெயரும் படமும் உள்ளே உண்டு என்ற எச்சரிக்கை இருக்கும். அதைத் தாண்டிப் போகாமல் வாசித்துக் காட்டுங்கள், ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

கைவேலைதான் வேண்டுமென்றால் நூல் செய்யட்டும். 2024 இல் சிறுவர் இலக்கியத்துக்கான அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருது, 50 இலட்சம் சுவீடிஷ் குரோனர், ஒரு எழுத்தாளருக்குப் போகவில்லை. அவுஸ்திரேலியாவின் இண்டிஜினஸ் லிட்டரசி ஃபௌண்டேஷனுக்குப் போனது. தூரப் பிரதேசச் சமூகங்களோடு சேர்ந்து, அவர்களுடைய மொழிகளிலேயே, பல சமயம் பிள்ளைகளே எழுதி வரைந்த நூல்களை வெளியிடும் அமைப்பு. அதே மாதிரி நீங்களும் செய்யலாம். நான்கு ஏ4 தாளை ஒன்றாக நடுவில் மடித்தால் 16 பக்கம். பிள்ளைகள் தாளை விரித்து வைத்துக்கொண்டு நேரே வரையத் தொடங்கினால் பக்கம் தாறுமாறாகும், ஏனென்றால் வெளித்தாளின் ஒரு முகத்தில் 16 உம் 1 உம், மறு முகத்தில் 2 உம் 15 உம் வரும். முதலில் வெறும் தாளை மடித்துப் பக்க எண் மட்டும் போட்ட ஒரு மாதிரி செய்யுங்கள். சாதாரண ஸ்டேப்ளர் மடிப்புவரை எட்டாது. மடிப்பில் மூன்று துளை போட்டு ஊசிநூலால் தைத்தால் கிழியாது. வீட்டில் அம்மம்மா மட்டும் சொல்லும் சொற்கள், ஊர்ப் பெயர்கள், ஒரு பக்கத்துக்கு ஒன்று. போதும்.

நான்காம் மாதத்திலிருந்து பெரியவர்களுக்கு நாவல், இரண்டு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில். தரம் 7 க்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நேரத்தில் லூயிஸ் ஏர்ட்ரிக்கின் 'த பேர்ச்பார்க் ஹவுஸ்' (1999), மாவோரி எழுத்தாளர் விட்டி இஹிமாயேராவின் 'த வேல் ரைடர்' (1987). முதலாவதில் 1847 இல் லேக் சுப்பீரியர் தீவொன்றில் வாழும் ஒஜிப்வேச் சிறுமியின் ஓராண்டு. பெரியம்மை வந்து வீட்டில் ஒரு குழந்தை சாகும், முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லிவையுங்கள். அதே அமெரிக்க எல்லைப்புறத்தைக் குடியேறிகளின் கண்ணால் எழுதிய லோரா இங்கல்ஸ் வைல்டரின் பெயரிலிருந்த விருதை, தொல்குடியினரைச் சித்திரித்த விதத்துக்காக அமெரிக்க நூலகர் சங்கத்தின் சிறுவர் பிரிவு 2018 இல் பெயர் மாற்றியது. இரண்டையும் தெரிந்த பிள்ளை இருந்தால் நல்ல விவாதம் வரும்.

பெரியவர்களுக்கு முதல் நாவலாக நான் வைப்பது ஏர்ட்ரிக்கின் 'த நைட் வோட்ச்மன்' (2020, புலிட்சர் 2021). வடக்கு டகோட்டாவின் டேர்ட்டில் மவுண்டன் சிப்பெவா மக்கள். 1953 ஓகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் 108 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. உங்களை அரசின் பாதுகாவலில் இருந்து விடுவித்துச் சமமான பிரஜைகளாக்குகிறோம் என்று சொல்லும் மொழியில், ஒப்பந்தங்களையும் நிலத்தையும் முடித்துவைக்கும் திட்டம் அது. தொழிற்சாலையில் இரவுக் காவல் செய்யும் தோமஸ், வேலைக்கு நடுவே கடிதம் எழுதி எழுதி அதை எதிர்க்கிறார். ஏர்ட்ரிக்கின் பாட்டனார் பட்ரிக் கோர்னோதான் மூலப்பாத்திரம். கொழும்பில் இதை வாசிக்கும்போது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றையொன்று ஒப்பிட்டுச் சமம் என்று காட்டுவதற்காகச் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு. மலையகத் தமிழரிடமிருந்து பிரஜாவுரிமையை எடுத்தார்கள், அங்கே பிரஜாவுரிமையைக் காட்டியே தேசத்தை எடுக்கப் பார்த்தார்கள். சட்டவாசகத்தை ஒரு சாதாரண மனிதர் எழுத்தெண்ணி வாசிக்கும் காட்சிகள் நாவலில் உண்டு. மலையகக் குடும்பத்திலிருந்து வந்த உறுப்பினர் இருந்தால் அந்தப் பக்கங்களை அவரே வாசிக்கட்டும். 400 பக்கத்துக்கு மேல், அத்தியாயங்கள் சிறியவை. ஆங்கிலம் கைவராதவர்களுக்குத் தமிழில் நாலு பக்கக் கதைச்சுருக்கமும் தேர்ந்த மூன்று அத்தியாயத்தின் வாய்மொழித் தமிழாக்கமும் கொடுத்தால் கூட்டத்துக்கு வருவார்கள். வெறும் சுருக்கம் மட்டும் கொடுத்தால் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

அடுத்தது தாரா ஜூன் வின்ச்சின் 'த யீல்ட்' (2019). 2020 இல் அவுஸ்திரேலிய நாவலுக்கான மைல்ஸ் ஃப்ராங்ளின் விருது. மூன்று குரல்: இறந்துபோன பாட்டனார் எழுதிய, விராஜுரி என்ற தொல்குடி மொழியின் அகராதி, இங்கிலாந்திலிருந்து செத்தவீட்டுக்குத் திரும்பும் பேத்தி ஓகஸ்ட், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷன் நடத்திய போதகரின் கடிதம். நிலத்தைச் சுரங்கக் கம்பனி கேட்கிறது. வாசகர்கள் இங்கே செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: அகராதிப் பகுதிகளைத் தாண்டிவிட்டுக் கதையை வாசிப்பது. குடும்பத்தில் காணாமல்போன பிள்ளை பற்றிய முடிச்சு அந்தப் பதிவுகளுக்குள்தான் இருக்கிறது. காணாமல்போனோரின் உறவுகள் வட்டத்தில் இருக்கக்கூடிய ஊர் இது, அறிவிக்காமல் எடுக்காதீர்கள். சத்தமாகத் தமிழில் வாசிக்கும்போது, அந்தப் பாத்திரங்களின் ஆங்கிலத்தைத் தமிழ் வட்டார வழக்கு ஒன்றில் முழுதாகப் போடும் ஆசையை அடக்குங்கள். தொல்குடிப் பாட்டனார் மட்டக்களப்புத் தமிழ் கதைத்தால் கேட்பவர் மட்டக்களப்பைத்தான் காண்பார்.

பட்ரீசியா கிரேஸின் 'பொட்டிக்கி' (1986) கடலோர மாவோரிக் கிராமத்தை விடுதி கட்ட வாங்க வரும் முதலாளிகளின் கதை. மாவோரிச் சொற்களுக்கு அருஞ்சொற்பட்டியல் இல்லை, கடைசிப் பகுதி மாவோரி மொழியிலேயே நிற்கும். புரியவில்லை என்று சிலர் கோபிப்பார்கள். அந்தக் கோபத்தையே விவாதப் பொருளாக்கலாம்: ஒரு நூல் யாருக்காக விளக்குகிறது? இதற்கு எங்கள் நகரத்திலேயே ஒரு சான்று. ஷெஹான் கருணாதிலக 2022 இல் புக்கர் பெற்ற மாலி அல்மெய்தா நாவல், 2020 இல் இந்தியாவில் 'சட்ஸ் வித் த டெட்' என்ற பெயரில் வந்த நூலை வெளிநாட்டு வாசகருக்காகத் திருத்தி எழுதியது. இரண்டின் முதல் அத்தியாயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கொழும்பு வாசகருக்குத் தேவைப்படாத எந்த விளக்கம் பிற்பாடு சேர்ந்தது என்று கண்ணுக்கே தெரியும். ஒரு மாலை இதற்கே ஒதுக்கலாம்.

தொல்குடி என்றால் காடு என்ற எண்ணத்தை உடைக்க டொமி ஓரஞ்சின் 'தேர் தேர்' (2018), கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்தில் வாழும் செயென் தொல்குடி மக்கள். துப்பாக்கிச் சூட்டில் முடியும், பெரியவர்களுக்கு மட்டும். அன்-ஹெலென் லெஸ்டாடியஸின் 'ஸ்டோலன்' சுவீடனின் வடக்கில் வாழும் 'சாமி' என்ற தொல்குடி மக்கள், மிருகவதை உண்டு. அலெக்சிஸ் ரைட்டின் 'ப்ரெய்ஸ்வர்தி' 2024 இல் ஸ்டெல்லா, மைல்ஸ் ஃப்ராங்ளின் என்ற இரண்டு அவுஸ்திரேலிய விருதுகளையும் பெற்றது, எழுநூறு பக்கத்துக்கு மேல். வட்டத்துக்கு வேண்டாம், தனியே வாசிக்க ஆசைப்படுகிறவர் வாசிக்கட்டும். இந்தியாவுக்கு ஹன்ஸ்டா சௌவேந்திர சேகர், சந்தால் தொல்குடியைச் சேர்ந்த மருத்துவர், 'த ஆதிவாசி வில் நொட் டான்ஸ்' (2015). சிறுகதைத் தொகுப்பு என்பதால் ஒரு கதை மட்டும் எடுக்கலாம். ஜார்கண்ட் அரசு 2017 ஓகஸ்டில் தடை போட்டு அதே டிசெம்பரில் நீக்கியது.

இலங்கையில் என்ன என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வேடர் பற்றி, 1911 இல் வந்த செலிக்மன் தம்பதியின் நூலிலிருந்து இன்றைய பாடநூல்வரை, பெரும்பாலும் மற்றவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ் பேசுகிறவர்கள், ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேடர் தம்பானையில் கோடரியைத் தோளில் போட்ட படம் மட்டும். மேலே சொன்ன கேள்விகளை, யார் சொல்கிறார், எந்த மக்கள், எந்தக் காலம், பிள்ளைகளின் சொந்தப் பாடநூல் பக்கத்திலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழில் ஏற்கனவே உள்ளவற்றையும் கலந்துகொள்ளுங்கள், எல்லாவற்றையும் நீங்களே தமிழாக்க முடியாது. க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரசன்' பிரெஞ்சிலிருந்து நேரே வந்தது. நேஷனல் புக் டிரஸ்ட்டின் 'டோட்டோ-சான்' தரம் 5 க்கு அருமை. நைஜீரியாவின் சினுவா அச்செபேயின் நாவலை 'சிதைவுகள்' என்று தந்தவர் எங்கள் என்.கே. மகாலிங்கம். ஹான் காங்கின் 'மரக்கறி' சமயவேல் மொழிபெயர்ப்பில் உண்டு. சோவியத் முன்னேற்றப் பதிப்பகக் காலத்து 'முதல் ஆசிரியர்', கிர்கீசிய அய்த்மாத்தவ், வீட்டுப் பழைய பெட்டிகளில் இப்போதும் கிடக்கும்.

எடுக்கும் இடங்கள்: 57 ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்கு நடை தூரம். அதோடு கொழும்பு பொது நூலகம். தமிழ் மொழிபெயர்ப்புகளுக்குப் பூபாலசிங்கம், வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கில நாவல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் திருட்டு அச்சுப் பிரதியும் கலந்திருக்கும். கடைசிப் பதினாறு பக்கம் இருக்கிறதா, அச்சு மங்கியிருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே புரட்டிப் பாருங்கள். கனடா, அவுஸ்திரேலியச் சிறுபதிப்பகப் படநூல்கள் இங்கே கடையில் பெரும்பாலும் இருக்காது. அங்கிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவைப்பதுதான் மலிவு. தடித்த அட்டை வேண்டாம், மெல்லிய அட்டைப் பதிப்பைக் கேளுங்கள்.

காசு செலவில்லாமல் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். ஆயிரக்கணக்கான சிறுவர் கதை, தமிழிலும். பெயர் குறிப்பிட்டால் அச்சடிக்கவும் மொழிபெயர்க்கவும் உரிமம் உண்டு. மற்ற நூல்களுக்கு அப்படியில்லை. முழு நூலையும் போட்டோ கொப்பி அடித்துப் பகிர்வதும், நீங்கள் செய்த தமிழாக்கத்தை வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போடுவதும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் மாட்டும், ஏனென்றால் மொழிபெயர்க்கும் உரிமை எழுத்தாளருடையது. கூட்டத்தில் வாசித்த தாளைக் கோவையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நன்றாக வந்து நூலாக்க வேண்டுமென்றால், முதலில் இங்கே ஒரு பதிப்பாளரைப் பிடித்து, அவர் மூலமாக மூலப் பதிப்பகத்தின் வெளிநாட்டு உரிமைப் பிரிவுக்கு எழுதுவதே வழி. நோர்வே, ஜெர்மனி போன்ற நாடுகளின் மொழிபெயர்ப்பு உதவித்தொகைகளும் பெரும்பாலும் பதிப்பாளர் வழியாகத்தான் வரும், தனி மொழிபெயர்ப்பாளர் கையில் தரமாட்டார்கள்.

வட்டத்தில் எழுதுகிறவர்கள் இருந்தால் ஒன்று சொல்லிவிடுங்கள். பொதுநலவாயச் சிறுகதைப் பரிசு தமிழில் எழுதிய கதையையும் ஏற்கிறது. 2,000 முதல் 5,000 சொல், நுழைவுக் கட்டணம் இல்லை, வயது 18 க்கு மேல், கதை முன்பு எங்கும் வெளிவந்திருக்கக் கூடாது. முகநூலில் போட்டதும் வெளிவந்ததாகவே எண்ணப்படலாம், அதனால் கதையை நண்பர்களுக்குக் காட்டுவதென்றால் தாளில் காட்டுங்கள்.